அப்பாவின் கொடிமுந்திரியும் ஒண்டாரியோ ஏரியும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்பது டொராண்டோ வட்டாரத் தமிழர்களின் எழுதாத சட்டம். அத்தை வந்தாலும் சரி, ஆபீஸ் நண்பனின் மாமனார் வந்தாலும் சரி. டிக்கியில் புளியோதரை, தயிர் சாதம், மடக்கு நாற்காலி எல்லாம் ஏறிவிடும். 2003ல் நான் கனடா வந்ததிலிருந்து எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணுவதை இருபதோடு நிறுத்திவிட்டேன். அருவி என்னமோ அப்படியேதான் விழுந்துகொண்டிருக்கிறது :-)

இத்தனை தடவை போயும் நான் கவனிக்காத ஒன்றை, ஒரே ஒரு தடவை வந்த அப்பா கவனித்தார். அதைச் சொல்ல முதலில் திருவனந்தபுரத்துக்குப் போயாக வேண்டும். கொஞ்சம் நீளமாகவே கொசுவத்தி சுற்றப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். தாத்தா திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தா. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது, தாத்தாவின் உத்தியோகம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. குடும்பமும் உத்தியோகத்தோடு நின்றது. அப்பாவும் பிற்பாடு அதே மாதிரி ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனார். கரமனையில் ஓட்டு வீடு, பிறகு அதையே இடித்து ஒரு சின்ன மாடி வீடு. வீட்டுக்குள் நாஞ்சில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இரண்டும் கலந்த எங்கள் வீட்டுப் பாஷையில் திராட்சைக்குப் பெயர் கொடிமுந்திரி, அவசரத்துக்கு முந்திரிங்கா. முந்திரிப் பருப்புக்குப் பெயர் அண்டிப்பருப்பு. சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே, "முந்திரிங்கா ஜூஸ் இருக்கா?" என்று கேட்டு நான் பட்ட பாட்டைத் தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும்.

1983ல் அப்பா ஆபீஸ் சிநேகிதர் ஒருவரின் கல்யாணத்துக்குக் கம்பம் போனார். திரும்பி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு முழ நீளக் குச்சி கொண்டுவந்தார். பன்னீர்த் திராட்சைக் கொடி. கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்த தோட்டங்கள் மனுஷனை அப்படியே பிடித்துக்கொண்டன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பச்சைக் கூரை, கூரையிலிருந்து கறுப்பாகத் தொங்கும் குலைகள். தண்ணீர் எங்கிருந்து? தேக்கடி ஏரியிலிருந்து. 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, கேரளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆற்றைத் தடுத்து மலைக்குள் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டதே, அந்தத் தண்ணீர்தான். "ஏரி இங்க, முந்திரிங்கா அங்க. நம்ம கிட்ட வெறும் தண்ணிதான்டே இருந்திருக்கு" என்பார் அப்பா. (இந்தத் தண்ணீர் விஷயத்தில் கேரளத்துத் தமிழனின் நிலைமை தர்மசங்கடமானது. இரண்டு பக்கத்திலும் சொந்தக்காரன் இருக்கிறான். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.)

குச்சி துளிர்த்தது. மூன்று வருஷத்தில் மொட்டை மாடியில் மூங்கில் பந்தல் நிறைந்துவிட்டது. இலையென்றால் இலை, அப்படியொரு இலை. பழம் மட்டும் இல்லை.

அப்பா பண்ணாத வைத்தியம் கிடையாது. சாணி, கடலைப் புண்ணாக்கு, மீன் கழுவின தண்ணி. பக்கத்து வீட்டு அம்மச்சி இறைச்சி கழுவின தண்ணி ஊற்றச் சொன்னார், அதையும் செய்தார். வெள்ளாயணியில் விவசாயக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று அம்மா சொன்னாள். "ஒரு கொடிக்காகக் காலேஜுக்குப் போவானா ஒருத்தன்?" என்று அப்பா போகவில்லை. போகிற வருகிறவர்களில் நாலைந்து பேராவது, "கொப்பை வெட்டி விடும் சாரே" என்றார்கள். அது மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. வளர்கிற கொடியில் கத்தி வைக்கப்பிடாது என்பது அவர் கட்சி. ஒன்பதாவது வருஷம் நாலே நாலு குலை வந்தது. புளியங்காய் தோற்றது.

அந்த அம்மச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். நவம்பர் வந்தால் சாலைக் கடைத்தெருவில் கம்பம் திராட்சை கூடை கூடையாக இறங்கும். அம்மச்சி ஐந்து கிலோ வாங்கி, கழுவித் துடைத்து, பெரிய பரணியில் ஒரு அடுக்கு பழம், ஒரு அடுக்கு சர்க்கரை என்று போட்டு, கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை சேர்த்து, வாயைத் துணியால் கட்டி வைப்பார். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும்: பிளம் கேக், அச்சப்பம், ஒரு சின்ன கிளாசில் கருஞ்சிவப்பாக வைன். அப்பா கேக்கையும் அச்சப்பத்தையும் எடுத்துக்கொண்டு கிளாசை மட்டும் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவார். வருஷா வருஷம் அது வரும், வருஷா வருஷம் அது திரும்பிப் போகும். இரண்டு பேருக்குமே அதில் கோபம் கிடையாது. (வீட்டில் இப்படி வைன் போடுவதே சட்டப்படி குற்றம் என்று 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரளக் கலால் துறை எச்சரித்ததைப் படித்தபோது அம்மச்சி ஞாபகம்தான் வந்தது. நல்லவேளை, பார்க்க அவர் இல்லை.)

அப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. பெரியப்பா. நல்ல வேலை, நல்ல குரல், கோவில் கச்சேரியில் பாடுவார். நாற்பத்தி நாலு வயதில் குடித்தே போய்ச் சேர்ந்தார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது அப்பா. எனக்குப் பன்னிரண்டு வயதில், திருப்பி அனுப்ப வேண்டிய அந்தக் கிளாசை நடுவழியில், மாடிப்படிக்குக் கீழே நின்று குடித்துவிட்டேன். சர்பத் மாதிரி இனிப்பு, தொண்டையில் லேசாக எரிச்சல். அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. பத்து நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

சரி, இனி கனடா.

2011 மே மாதம் அப்பாவும் அம்மாவும் மிஸ்ஸிஸாகா வந்தார்கள். ஜூன், ஜூலை எல்லாம் நன்றாகத்தான் போனது. செப்டம்பரில் ஒரு நாள் ஐஸ் வாட்டர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர் கண்ணில், பின்னால் ஒளித்து வைத்திருந்த பாட்டில் பட்டுவிட்டது. ஆபீசில் ஒரு பிராஜெக்ட் முடிந்ததற்குக் கொடுத்த ஐஸ்வைன். ஒடிசலான சின்ன பாட்டில். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கதவை மெதுவாக மூடினார். மறுநாள் அம்மா என்னிடம் தனியாக, "அப்பா ராத்திரி பூரா ஒறங்கல்ல மக்ளே" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது, இரண்டு குழந்தைகள். மாடிப்படிக்குக் கீழே நின்ற மாதிரியே இருந்தது. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது.

அந்தப் பத்து நாள் மௌனத்தின் நடுவில்தான் நயாகரா டிரிப். முன்னாடியே முடிவு செய்தது, ரத்து செய்ய முடியவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். ஹாமில்டனைத் தாண்டினால் நெடுஞ்சாலைக்கு இடது பக்கம் ஒண்டாரியோ ஏரி, வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் காடு மூடிய ஒரு நீண்ட மேட்டுச் சுவர். இரண்டுக்கும் நடுவே கிரிம்ஸ்பி, பீம்ஸ்வில், வைன்லாண்ட் என்று வரிசையாக ஊர்கள். கண்ணுக்கெட்டின மட்டும் திராட்சைத் தோட்டம். நான் எப்போதும் நூற்றுப் பத்தில் பறக்கிற இடம். அப்பா கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினார். என்னிடம் இல்லை, நண்பரிடம். "இது கொடிமுந்திரியாக்கும்?"

"ஓம் ஐயா, முந்திரிகைத் தோட்டம். எங்கட யாழ்ப்பாணத்திலயும் இருக்கு" என்றார் நண்பர்.

முந்திரிகை! அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மிஸ்ஸிஸாகாவில் அவருடைய வார்த்தையைச் சொல்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்டார். "வண்டியை நிறுத்தணுமே" என்றார்.

பீம்ஸ்வில் பக்கம் ரோட்டோரப் பழக்கடையில் நிறுத்தினோம். தோட்டக்கார அம்மாள்தான் விற்றுக்கொண்டிருந்தார். கூடையில் கறுப்பாக கான்கார்ட் திராட்சை. அப்பா ஒன்றை வாயில் போட்டு நசுக்கினார். தோல் தனியாகக் கழன்றது, வழுவழுவென்று உள்ளே கொட்டையோடு சதை. "பெங்களூர்த் திராட்சைக்கு அண்ணன்டே இது" என்றார், இந்த முறை என்னைப் பார்த்து. அவர் சொன்னது சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நம்மூர் பெங்களூர் ப்ளூவும் இந்த வட அமெரிக்கக் காட்டுத் திராட்சை வம்சம்தான்.

அவருக்கு ஒரே கேள்விதான். இருபது டிகிரிக்குக் கீழே ஒரு நாள் போனாலே கம்பளி தேடுகிற ஊரில் தன் கொடி காய்க்கவில்லை, மைனஸ் இருபது வரை போகிற ஊரில் இது எப்படிக் காய்க்கிறது?

அந்த அம்மாள் ஏரியைக் கை காட்டினார். ஏரி அவ்வளவு ஆழம் (அதிகபட்சம் 244 மீட்டர்), அதனால் குளிர்காலத்தில் முழுசாக உறைவதே அபூர்வம். தெற்கே இருக்கிற ஈரி ஏரியோ ஆழம் குறைந்தது, சீக்கிரம் உறைந்துவிடும். கோடை முழுக்க வாங்கி வைத்த சூட்டை ஒண்டாரியோ ஏரி இலையுதிர் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால் பழம் பழுக்க இன்னும் சில வாரம் கிடைக்கிறது. வசந்தத்தில் நேர்மாறு. தண்ணீர் இன்னும் ஜில்லென்று இருப்பதால் கரை சீக்கிரம் சூடாகாது. கொடி அவசரப்பட்டுத் துளிர்த்து, ஏப்ரல் கடைசியில் உறைபனியில் கருகாமல், சாவகாசமாகத் துளிர்க்கும். ஏரிக் காற்று அந்த மேட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருப்பதால் குளிர் ஒரு இடத்தில் தேங்காது. தேங்குகிற ராத்திரிகளில் மேலே இருக்கிற சூடான காற்றைக் கீழே இழுக்க உயரமான கம்பத்தில் காற்றாடி. அப்படியும் சில வருஷம் ஏரியால் முடியாமல் போகும். 2022 ஜனவரிக் குளிரில் இங்கே நிறையக் கொடிகள் சேதமாகி, அந்த வருஷ விளைச்சல் பலமாக அடிவாங்கியது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "அப்பம் நம்ம வெள்ளாயணிக் காயலும் தண்ணிதானே. பக்கத்துல அறபிக் கடலே கெடக்கு. அதுக்கு ஏன் இந்த வேலை தெரியல?" என்றார். நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திருவனந்தபுரத்துக் கடலும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் கெட்டிக்காரத்தனமாக. வருஷம் முழுக்க ஊரைக் கொதிக்கவும் விடாமல், குளிரவும் விடாமல் ஒரே மாதிரி வைத்திருக்கிறது. மனுஷனுக்குச் சுகம். கொடிக்குத்தான் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

பதில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. பக்கத்து வரிசையில் மெக்சிகோக்காரர் ஒருவர் கூடையோடு நின்றிருந்தார். 1966ல் ஜமைக்காவிலிருந்தும் 1974லிருந்து மெக்சிகோவிலிருந்தும் பருவத்துக்கு ஆள் எடுத்துத்தான் ஒண்டாரியோவின் தோட்ட வேலை ஓடுகிறது. அப்பா வரிசைக்குள் போய் அடிமரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தலே இல்லியே, வேலி மாதிரியில்லா நிக்கு" என்று அவரிடம் தமிழிலேயே சொன்னார். அவர் சிரித்தார். பிறகு அப்பா கையை அகல விரித்து, பெரிய பந்தல் மாதிரி காட்டி, பழம் இல்லை என்று இரண்டு கையையும் உதறினார். மெக்சிகோக்காரருக்கு எப்படித்தான் புரிந்ததோ. இடுப்பிலிருந்து கத்தரியை உருவினார். ஒரு கொடியைக் காட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று காற்றிலேயே வெட்டினார். அடிமரத்தையும் ஒன்றிரண்டு குச்சியையும் தவிர எல்லாம் போய்விட்டது. அப்பா திகைத்து, "எல்லாமா?" என்றார். அவர் தலையாட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, குறட்டை விட்டுக் காட்டினார்.

அப்பா வெகுநேரம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருவத்தெட்டு வருஷமா ஒறங்க விடல்லியே அதை" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். போன வருஷம் முளைத்த குச்சியின் மொட்டுதான் இந்த வருஷம் பூவைக் கொண்டுவரும். குளிர் தேசத்தில் பனி வந்து இலையை உதிர்த்துக் கொடியைத் தூங்க வைக்கிறது. தூங்கும்போது மனுஷன் வந்து பத்தில் ஒன்பது பங்கை வெட்டிவிடுகிறான். கம்பத்தில் பனி இல்லை, அதனால் கத்திதான் பனிக்காலம். கவாத்து செய்தால் நாலு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் தேதியை மாற்றி மாற்றி வெட்டுவதால் வருஷம் பூராவும் அங்கே அறுவடை. 2023ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கு இதுவும் ஒரு பெருமை. (கவாத்து என்றால் போலீஸ்காரர்கள் மைதானத்தில் செய்வது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.)

அருவி பார்த்தோம். நனைந்தோம். புளியோதரை சாப்பிட்டோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. பின் சீட்டிலிருந்து அப்பா கேட்டார்.

"அந்தக் குப்பியில உள்ளதும் இதுல செஞ்சதா?"

சொன்னேன். 1975ல் டொனால்ட் ஸிரால்டோ, கார்ல் கைசர் என்ற இரண்டு பேர் இன்னிஸ்கில்லின் என்று ஒரு வைனரிக்கு லைசென்ஸ் வாங்கியது, 1984ல் அங்கே முதல் ஐஸ்வைன் வந்தது, 1991ல் பிரான்சிலேயே அதற்குப் பெரிய பரிசு கிடைத்தது. பழத்தைப் பறிக்காமல் டிசம்பர், ஜனவரி வரை கொடியிலேயே விட்டு வைப்பது. மைனஸ் எட்டுக்குக் கீழே போனால்தான் பறிக்கலாம் என்பது இங்கே விதி. பழத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸ் ஆகிவிடும், பிழிந்தால் தேன் மாதிரி துளித்துளியாக இனிப்பு மட்டும் வரும். சாதாரணமாகக் கிடைக்கிற சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அதனால்தான் அந்த விலை. விடியும் முன்னால், ராத்திரியோடு ராத்திரியாகப் பறிப்பார்கள்.

"ராத்திரியா? கை மரவிச்சுப் போவாதாடே அவனுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ குடிக்கியா?" என்றார்.

"எப்பவாவது ஒரு கிளாஸ்பா."

"எப்பவாவதுன்னுதான் அண்ணனும் சொன்னான்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. தங்கமணி ரேடியோவைப் போட்டாள்.

அக்டோபர் முதல் வாரம் ஊருக்குத் திரும்பினார்கள். துலாவர்ஷ மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள், அப்பா மொட்டை மாடியில் ஏறி, எழுபத்திரண்டு வயதில், யாரையும் கூப்பிடாமல் அந்தக் கொடியை வெட்டினார். அம்மா போனில் அழாத குறை. "பிராந்து பிடிச்ச மாதிரி வெட்டிட்டாரு மக்ளே. வெறும் கட்டை நிக்குது." பிப்ரவரியில் அப்பாவே போன் செய்தார். பதினொரு குலை. புளிப்புதான், ஆனால் திங்கலாம். "வந்து பாத்துட்டுப் போ." ஆபீசில் லீவு இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லைதான். இருந்தாலும் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

ஆறு குலையை அம்மச்சி வீட்டுக்குக் கொடுத்தாராம். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் தட்டில் கிளாஸ் வந்ததா, திரும்பிப் போனதா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஞாபகமில்ல" என்றாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

2014ல் அப்பா போய்விட்டார். 2022ல் வீட்டை விற்றோம். வாங்கினவருக்குக் கொடி வேண்டாமாம், மாடியில் சோலார் போடவேண்டும். ஒரு குச்சியாவது கொண்டுவரலாம் என்றால் கனடாவுக்குள் வெளியூர்த் திராட்சைக் கொடியை நினைத்தபடி கொண்டுவந்துவிட முடியாது. குலைகளின் போட்டோ ஒன்று இருக்கிறது, அப்பாவே எடுத்தது, பாதிக்கு அவருடைய கட்டைவிரல். ஐஸ்வைன் பாட்டில் இன்னும் திறக்காமல் பேஸ்மெண்டில் கிடக்கிறது.

பின்கட்டில் நாலு வருஷமாக ஒரு கான்கார்ட் கொடி நிற்கிறது, நர்சரியில் வாங்கினது. வேலி முழுக்கப் படர்ந்துவிட்டது. போன வருஷம் மூன்றே குலை. இப்போது மார்ச், இங்கே கவாத்துக்கு இதுதான் சமயம். நேற்றுக் கத்தரியோடு போய் ஒவ்வொரு குச்சியாக மொட்டு எண்ணிவிட்டு, ஒன்றையும் வெட்டாமல் திரும்பி வந்தேன். தங்கமணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா மாதிரியே நிக்கறீங்க" என்றாள்.

சனிக்கிழமை மைனஸ் இரண்டுதானாம். வெயிலும் இருக்குமாம். கத்தரிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.